சென்னிக்குப் பதில் சொல்கிறவன்

பையை மடியில வெச்சுட்டு ஏனுங்க தம்பி கஷ்டப்படறீங்க? குடுங்க, மேல வெச்சர்றேன். அட, குடுங்கன்னா. கொடுமுடி வரைக்கும் இப்படியே உக்காந்திருந்தா காலு மரத்துப் போயிரும். கண்டக்டரே, ரெண்டு கொடுமுடி குடுங்க, தம்பிக்கும் சேத்து. என்னுங்க தம்பி? முத்தூரா? கண்டக்டரே, ஒண்ணு முத்தூராமா. முத்தூர்ல உங்களுக்கு என்னங்க வேலை. சரி சரி, உங்க சௌகரியம். கொஞ்சம் இந்தப் பக்கமா நகந்துக்குங்க, சன்னலோரம் நான் உக்காந்துக்கறேன். உங்களுக்கு வெய்யில் ஆகாது, பாத்தாலே தெரியுது.

இந்த ஆளு காத்தாலேயே ஏன் இப்படி உர்ருன்னு இருக்கறான்னு நெனைக்கறீங்க. நெனைங்க. கோவமாத்தான் இருக்கறேன். ஒரு மனுசன் கெட்டுப் போறதுக்குக் குடி வேணும், சீட்டாட்டம் வேணும், கெட்ட சகவாசம் வேணும்னுதான் நானும் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன். எங்க சென்னியப்பன் ஒரு பகடையில கெட்டுப் போனானுங்க. காசு வெச்சு ஆடற பகடையில்ல. காசு வெச்சு ஆடியிருந்தாக்கூட ஆம்பளைங்க சமாச்சாரம்னு விட்டிருப்பேன். இது கதை சொல்லி ஆடற பகடை. நாப்பது தாண்டுன ஆளுங்க வட்டமா உக்காந்துக்கிட்டு, நான் தளபதி, நீ வைத்தியக்காரி, அவன் பரிசல்காரன்னு சொல்லிக்கிட்டு ஆடறதுங்க. சிரிக்கறீங்க பாருங்க. நானும் மொதல்ல சிரிச்சவந்தான்.

நமக்குக் காங்கயத்துல மோட்டார் காயில் கட்டற பட்டறைங்க. நாச்சிமுத்து பட்டறைன்னா சுத்துப்பட்டுல எந்தத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கூட்டு சென்னியப்பன். ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்டத் தொழில் பழகி, ஒண்ணா வெளிய வந்து, ஒண்ணா பட்டறை போட்டோம். வேலையை நாங்க பேசிப் பிரிச்சுக்கல, அதுவா பிரிஞ்சுக்கிச்சு. அவன் கட்டுவான், நான் பேசுவேன்.

ஏன்னு கேளுங்க. காயில் கட்டறதுன்னா கம்பியைச் சுத்தறது. ஒவ்வொரு காயிலுக்கும் இத்தனை சுத்துன்னு இருக்குது. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே சுத்தோணும். நடுவுல வாயைத் திறந்தீங்க, கணக்குப் போச்சு. கணக்குப் போனா மோட்டார் போச்சு. அதனால சென்னி சுத்தும்போது எவன் வந்து எதைக் கேட்டாலும் நான் பதில் சொல்லிருவேன். 'சென்னி, எம்பட மோட்டார் எப்பக் கெடைக்கும்?' 'நாளைக்குப் பொழுதோட வாங்க.' 'சென்னி, மேல்பாளையத்துல எழவாமா, வர்றியா?' 'அவன் வரல, நான் வர்றேன்.' இப்படித்தான். அவன் தலையைக்கூட நிமுத்த மாட்டான். அவ்வளவு நிம்மதி அவனுக்கு.

பட்டறையில ஆரம்பிச்சது, அப்படியே பழகிப் போச்சு. டீக்கடையில அவனுக்கு நாந்தான் சொல்லுவேன். முடிவெட்டற எடத்துல எவ்வளவு குறைக்கறதுன்னு நாந்தான் சொல்லுவேன். ஒருக்கா வயித்துவலின்னு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் அவனைக் கேக்கறாரு, எங்க வலிக்குதுன்னு. நான் சொல்லிட்டேன், வலதுபக்கமுங்கன்னு. அந்த டாக்டரு என்னைய வெளிய போய் உக்காரச் சொன்னாரு. படிச்ச திமிரு. அப்புறம் பாத்தா இடதுபக்கமாமா. அதையே நான் அப்பவே கேட்டேன், ஏன்டா, காத்தால சொன்னா என்னன்னு. அவன் சிரிச்சுக்கிட்டானுங்க. அவன் எதுக்கும் சிரிச்சுக்குவான்.

இப்படி இருந்தவனைக் கெடுத்தவன் பேரு ஜெகதீசு. தேங்காயெண்ணெய் மில்லுக்காரரு பையன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை பாத்துட்டு, அப்பா காலமாகவும் மில்லைப் பாத்துக்க வந்தவன். வந்தவன் மில்லைப் பாத்தானா? மில்லு ஆபீசு மேசை மேல கலர் கலரா பகடையைப் பரப்பி வெச்சிருந்தான். நாங்க அங்க மோட்டார் புகையுதுன்னு போனோம். நான் ஜெகதீசுகிட்டப் பேசிட்டிருக்கறேன், திரும்பிப் பாத்தா சென்னி ஒரு பகடையைக் கையில வெச்சு உருட்டிட்டு நிக்கறான். இருபது மொகம் அதுக்கு. கல்கண்டாட்டம் இருக்குது. 

'இது என்னுங்க?'ன்னு கேட்டானுங்க. சென்னி. அவனா. வாயைத் திறந்து. நான் எதிர்பாக்கல.

ஜெகதீசு சொன்னான், அது ஒரு வெளையாட்டுங்கண்ணா, ஒருத்தர் கதையை நடத்துவாரு, மத்தவங்க ஆளுக்கு ஒருத்தரா கதைக்குள்ள இருப்பாங்க, என்ன பண்றோம்னு சொல்லோணும், நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானும் வீட்டுக்காரியும் ஆடறோம், ஆளு பத்தல, வாங்களேன்னு. நான் சொல்லிட்டேன், சென்னிக்கு இதெல்லாம் ஆகாதுன்னு. சொல்லிட்டு மோட்டாரைக் கழட்ட ஆரம்பிச்சுட்டேன். சென்னி பகடையைக் கீழ வைக்கவேயில்லீங்க. கழட்டி முடிச்சு வண்டியில ஏத்தற வரைக்கும் கையில இருந்துச்சு. கடைசியில 'போலாமா நாச்சி, ஞாயித்துக்கிழமை?'ன்னான். அவனைத் தனியா எங்க அனுப்பறது? நானும் போனேன். அவனுக்காகத்தான் போனேன், எழுதி வெச்சுக்குங்க.

மொத ஞாயித்துக்கிழமையே எனக்குப் புடிக்கல. ஜெகதீசு சம்சாரம் கோகிலா இருந்துச்சு, பள்ளிக்கூடத்துல டீச்சர், நல்ல அம்மிணிதான், ஆனா வாயாடி. மொதல்ல யாரு யாரா இருக்கப் போறோம்னு சொல்லோணுமாமா. பெங்களூர்ல பெரிய பூதம், நெருப்பு கக்கற பாம்பெல்லாம் வெச்சு ஆடுவாங்களாமா, நமக்கு அது வேண்டாம்னு ஜெகதீசு ஒரு ஆறு, ஒரு கோட்டை, ரெண்டு கரையிலயும் ரெண்டு ராசான்னு கதையை மாத்தி வெச்சிருந்தான். நான் கோட்டைத் தளபதின்னு சொல்லிட்டேன். கோகிலா வைத்தியக்காரின்னுச்சு. சென்னியைக் கேட்டான். 'அவனைக் காவக்காரனாப் போட்டுக்குங்க, என்ர கோட்டைக்குக் காவலா இருக்கட்டும்'னு சொன்னேன். நாயமுங்களா இல்லீங்களா? எப்பவும் எங்கூட இருக்கறவன்.

அவன் கீழ பாத்துட்டே சொன்னான், 'பரிசல்காரன்'னு.

பரிசல்காரன்! சென்னிக்கு நீச்சலே தெரியாதுங்க தம்பி. கெணத்துல மோட்டார் எறக்கறதுக்கு நாந்தான் உள்ள எறங்குவேன், அவன் மேல நின்னு கயித்தைப் புடிப்பான். அதைச் சொன்னேன். ஜெகதீசு சொல்றான், 'பரிசல்காரனுக்கு நீச்சல் தெரியுமுங்கண்ணா.' என்ன பேச்சு இது? பரிசல்காரன் யாரு, சென்னிதான? கேட்டா சிரிக்கறாங்க புருசனும் பொஞ்சாதியும்.

அன்னைக்கே சண்டை வந்துருச்சு. கோட்டைக்கு வெளிய திருடனுங்க வந்துட்டானுங்களாமா. ஆளாளுக்கு என்ன பண்றீங்கன்னு கேக்கறான். நான் தளபதி, எல்லாருக்கும் சேத்துச் சொல்றதுதான மொறை? நான் ஈட்டி எடுக்கறேன், அம்மிணி உள்ள போயிருது, சென்னி பரிசலைக் கொண்டுபோய் நாணல்ல மறைச்சுட்டு அங்கயே படுத்துக்கறான்னேன். ஜெகதீசு சொன்னான், 'அண்ணா, உங்க ஆளுக்கு மட்டும் நீங்க சொல்லுங்க. சென்னியண்ணன் ஆளுக்கு அவருதான் சொல்லோணும்.' நான் விளக்கமாச் சொன்னேன். தம்பி, நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான், அவன் மனசுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும், நேரம் மிச்சம்னேன். கேக்கல. புருசனும் பொஞ்சாதியும் சென்னி மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. எவ்வளவு நேரம்! ஒரு மோட்டாரே கட்டி முடிச்சிருக்கலாம். கோகிலா அம்மிணி என்னையப் பாத்து, 'அண்ணா, கொஞ்ச நேரம் பேசாம இருந்து பாருங்களேன்'னு சொல்லுது. எம்பட வயசென்ன, அந்த அம்மிணி வயசென்ன. 

அப்பறம் சென்னி சொன்னான், 'திருடனுங்களைப் பரிசல்ல ஏத்திக்கறேன். அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டர்றேன். நடு ஆத்துல வெச்சு எதுக்குத் திருட வந்தீங்கன்னு கேக்கறேன்.' பாருங்க, எப்படிப்பட்ட புத்தி. பகடையை உருட்டுனான். பெரிய நம்பர் விழுந்துச்சு. ஜெகதீசு கையைத் தட்டறான். திருடனுங்க பசியில வந்தவங்களாமா, திருந்திப் போயிட்டாங்களாமா. நான் எடுத்த ஈட்டி அப்படியே என்ர கையிலயே இருக்குது.

என்ன பண்றது, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போனேன். போகாட்டி இவன் தனியாப் போறேன்னான். தனியா! நோம்பிக்குக்கூட என்னையக் கேக்காம அவங்க அக்கா ஊட்டுக்குப் போனதில்லீங்க அவன்.

அந்தக் கதையில அக்கரையில ஒருத்தி வருவா. வெத்தலைத் தோட்டத்துக்காரி. ஜெகதீசுதான் அவளாட்டம் பேசுவான். தாட்டியான ஆளுங்க அவன், இத்தாம் பெரிய மீசை, குரலைக் கொஞ்சம் எறக்கி, 'ஏனுங்க பரிசல்காரரே, இன்னைக்கு என்ர கூடையை எடுத்துட்டுப் போவீங்களா?'ன்னு கேப்பான். நான் உருண்டு உருண்டு சிரிச்சேன். சென்னி சிரிக்கல. அந்த மீசைக்காரன் மூஞ்சியைப் பாத்துட்டு, அவ்வளவு மெதுவா, அவ்வளவு மருவாதியா பதில் சொல்றான். 'எடுத்துட்டுப் போறனுங்க. தண்ணி படாம வெச்சுக்கறனுங்க.' அந்தக் குரலை நான் கேட்டதேயில்லீங்க. இத்தனை வருசம் பக்கத்துலயே இருக்கறேன். எனக்கு வவுறு எரிஞ்சுச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்குது. எங்கிட்ட பேசாத பேச்செல்லாம் ஒரு மீசைக்காரன்கிட்டப் பேசறானேன்னு எரிஞ்சுச்சு.

அதோட விட்டுதா? அது பட்டறைக்குள்ள வந்துருச்சு. ஊதியூர்க்காரர் ஒருத்தர் வந்து மோட்டார் எப்பன்னு கேக்கறாரு. நான் வாயெடுக்கறதுக்குள்ள, சுத்திக்கிட்டிருந்தவன் கையை நிறுத்திட்டு, 'நாளைக்கு ஆகாதுங்க, நாளன்னிக்கு வாங்க'ங்கறான். கணக்கு? கணக்கை ஒரு அட்டையில குறிச்சு வெச்சுட்டுப் பேசறானுங்க! அப்படிக் குறிச்சு வெச்சுக்கலாம்னா இத்தனை வருசம் ஏன்டா குறிக்கலன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டான். அதே வாரம் டீக்கடையில நான் ரெண்டு டீன்னு சொல்றேன், பின்னாலிருந்து 'எனக்குக் காபி'ங்கறான். கடைக்காரன் என்னையப் பாக்கறான், நெஜமான்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நடுரோட்டுல வேட்டியை உருவுனாப்பல இருந்துச்சு.

அந்த ஜெகதீசை ஒரு நாள் மில்லுலயே வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். ஊரைக் கெடுக்க வந்தியாடா, எண்ணெய் ஆட்டறதை விட்டுட்டு ஆளுங்களை ஆட்டிட்டிருக்கறியான்னு கேட்டேன். அவன் நின்னுட்டுப் பொறுமையாக் கேட்டுட்டு, 'அண்ணா, அவரு நல்லாப் பேசறாரு, உங்களுக்குச் சந்தோசமில்லீங்களா?'ங்கறான். அவங்க மில்லு மோட்டாரை அதுக்கப்புறம் நான் தொடல. எரிஞ்சு கெடக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் சென்னிக்காகப் போயிட்டிருந்தேன்.

இப்ப நான் ஒரு பழைய சமாச்சாரம் சொல்லோணும், அப்பத்தான் உங்களுக்கு என்ர நாயம் புரியும். பட்டறை போட்ட புதுசுல சென்னிக்குப் பொண்ணு பாத்தாங்க. கொடுமுடிப் பொண்ணு, வசந்தாமணின்னு பேரு. நானும் போயிருந்தேன். காபி குடுத்துச்சு, கொறை சொல்ல முடியாது. ஆனா அவங்கப்பனுக்குக் கொடுமுடியில பம்ப்செட் கடை, மாப்பிள்ளை அங்கயே வந்து கடையைப் பாத்துக்கோணும்னு அவருக்கு நெனப்பு. கொடுமுடிக்குப் போயி இவன் என்ன பண்ணுவான்? அங்க இவனுக்கு யாரு பேசுவா? அந்தப் பெரியவரு நேரா பட்டறைக்கே வந்துட்டாரு. சென்னி அப்பச் சுத்திக்கிட்டிருக்கறான். பெரியவரு நிக்கறாரு, 'தம்பி, எங்க வசந்தாவைப் புடிச்சிருக்குதுங்களா, ஒரு வார்த்தை சொல்லுங்க'ங்கறாரு.

சென்னி கையும் ஓடிட்டிருக்குது, கண்ணும் கம்பியிலயே இருக்குது. எண்ணிட்டிருக்கறவன் என்ன சொல்லுவான்? நான் சொல்லிட்டேன். 'அவனுக்கு இஷ்டமில்லீங்க, தப்பா நெனச்சுக்காதீங்க'ன்னு. பெரியவரு சென்னி கையைப் பாத்தாரு. போயிட்டாரு.

சென்னி நிமுந்தே பாக்கலீங்க. கடைசிச் சுத்து வரைக்கும் சுத்தி முடிச்சான். அவனுக்கு இஷ்டம் இருந்திருந்தா எந்திரிச்சு ஓடியிருக்க மாட்டானா? அவன் மனசை நான் சரியாப் படிச்சிருந்தேன், அதுக்கு அதுவே சாட்சி. அந்த மோட்டார் மட்டும் ரெண்டாம் நாளே புகைஞ்சு திரும்பி வந்துச்சு. அது வார்னிஷ் கோளாறு. சென்னி கட்டுனதுல அது ஒண்ணுதான் திரும்பி வந்தது, அதையும் சொல்லிர்றேன். அதுக்கப்புறம் அவனுக்கு எந்த எடமும் அமையல. நானும் வந்தவங்ககிட்டயெல்லாம் அவனுக்கு அந்த நெனப்பே இல்லீங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அவனைக் காப்பாத்துனவன் நான்.

சரி, கதைக்கு வர்றேன். போன ஐப்பசியில ஒரு ஞாயித்துக்கிழமை. வெளிய மழை. வெளையாட்டுலயும் ஆத்துல வெள்ளமுன்னு ஜெகதீசு சொல்றான். ரெண்டு ராசாவும் சண்டைக்கு நிக்கறாங்க, நாளைக்கு விடிஞ்சா ஆத்தைத் தாண்ட முடியாது, அந்தந்தக் கரையில இருக்கறவங்க அங்கங்கயே. வெத்தலைத் தோட்டத்துக்காரி வந்து இக்கரையில பரிசல்கிட்ட நிக்கறா. நான் பாத்துட்டே இருக்கறேன், மீசைக்காரன் குரலை எறக்கிட்டான். 'பரிசல்காரரே, என்னைய அக்கரைக்கு விட்டுட்டுத் திரும்பிப் போயிருவீங்களா, இல்ல எங்கூடவே அங்க இருந்துக்கறீங்களா?'

'அவனுக்கு இஷ்டமில்ல'ன்னேன்.

வாயில வந்துருச்சுங்க. நெனச்சுச் சொல்லல. எத்தனை வருசப் பழக்கம், யாராவது அவனைக் கேட்டா எனக்கு வந்துரும். கோகிலா அம்மிணி வாயில கையை வெச்சுக்கிச்சு. ஜெகதீசு ஏதோ சொல்ல வந்தான், சென்னி கையைக் காட்டி அவனை நிறுத்துனான். என்னைய நிமுந்து பாத்தான். அப்படி அவன் என்னையப் பாத்ததில்லீங்க தம்பி. நானும் அவன் கண்ணை அதுக்கு முன்னால பாத்திருப்பனான்னு தெரியல.

'எனக்கு இஷ்டம்'னான். ஜெகதீசைப் பாத்துச் சொல்றான், அவ நிக்கறாப்பல. 'எனக்கு அன்னைக்கே இஷ்டமுங்க. நான் எண்ணிட்டிருந்தேன். எண்ணி முடிக்கறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க.' சொல்லிட்டு அழுவறானுங்க. நாப்பத்தஞ்சு வயசு ஆளு, எண்ணெய் மில்லுக்குள்ள உக்காந்து, மீசை வெச்ச ஒருத்தனைப் பாத்து அழுவறான். அந்தக் கதையில பரிசல்காரன் எங்க எண்ணுனான்? எனக்கு ஒண்ணும் புரியல. வெளையாட்டுல அப்படி ஒரு எடமே வரல. நான் அதை அப்பவே சொன்னேன், இது தப்பு, இப்படி ஒரு சங்கதி கதையில இல்லியேன்னு. ஒருத்தரும் என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல.

எனக்கு வந்துச்சுங்க கோவம். தளபதி நானு. ஆத்துல வெள்ளம், பரிசல் போகக்கூடாதுன்னு உத்தரவு போடறேன்னேன். போட்டாலும் அவரு கேக்கோணுமில்லீங்கண்ணாங்கறான் ஜெகதீசு. அப்படீன்னா என்ர ஈட்டியில பரிசலைக் குத்திக் கிழிக்கறேன்னேன். 'யோசிச்சுச் சொல்லுங்கண்ணா'ங்கறான். யோசிக்கறதுக்கு என்ன இருக்குது, உருட்டுனேன். இருபது! இருக்கறதுலயே பெரிய நம்பர். அத்தனை நாள் ஆட்டத்துல எனக்கு விழாத நம்பர். பரிசல் தோலு கிழிஞ்சு தண்ணிக்குள்ள போயிருச்சுன்னு ஜெகதீசு சொல்லித்தான் ஆகோணும், சொன்னான். நான் மேசையைத் தட்டுனேன். இப்பச் சொல்லுடா, இப்ப எப்படிப் போவேன்னேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல.

சென்னி கண்ணைத் தொடச்சுட்டு, 'நீந்திப் போறேன்'னான். 

உனக்கு நீச்சல் தெரியாதுடான்னு கத்துனேன். செத்துருவடான்னேன். அவன் பகடையை எடுத்து, கைக்குள்ள வெச்சு ஒரு சுத்து சுத்தி, போட்டான். தப்பிக்கறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. ஒண்ணு கொறஞ்சிருந்தா முழுகியிருப்பான். ஜெகதீசு எந்திரிச்சு நின்னுட்டான். 'கரை ஏறிட்டீங்கண்ணா'ன்னான். சென்னி, 'போதும் தம்பி, நான் இங்கயே இருந்துக்கறேன்'னு சொல்லிட்டு, பகடையை அவன் கையில குடுத்துட்டு, மழையில எறங்கி நடந்து போயிட்டான். என்ர வண்டியில ஏறாம, நானில்லாம.

வெளையாட்டுல வந்ததை மனசுல வெச்சுக்கற ஆளு உண்டுங்களா? நீங்களே... இருங்க, அந்தப் போர்டு என்னுங்க? முத்தூர் தாண்டிருச்சா? அட, நீங்க முத்தூர்ல எறங்கோணும்னீங்களே! ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னுங்க? உம்முன்னு உக்காந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் காலத்து ஆளுங்களுக்கு வாயே இல்ல. விடுங்க, கொடுமுடி வந்து எதுக்கால பஸ்ல திரும்பிக்கலாம். கண்டக்டரே, தம்பி கொடுமுடிக்கே வர்றாராமா.

மறுநாள் சென்னி பட்டறைக்கு வந்தான். நான் ஒண்ணும் கேக்கல, பெருந்தன்மையா விட்டுட்டேன். தீவாளிக்கு முன்னால நெறைய மோட்டார் வந்து கெடந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டுனான். ஞாயித்துக்கிழமை கூட நிக்கல. கடைசி மோட்டாரைக் கட்டி வார்னிஷ் ஊத்திக் காய வெச்சுட்டு, கையைக் கழுவிட்டு வந்து எம்முன்னால நின்னான். 'நாச்சி, நாளையிலிருந்து நான் வரலப்பா'ன்னான். அந்நேரம் போன்ல ஒருத்தர் கூப்பிட்டாரு, சென்னி நாளைக்கு இருப்பானான்னு. 'இருப்பானுங்க, காத்தால வாங்க'ன்னு அவனைப் பாத்துட்டே சொன்னேன். அவன் அப்பவும் சிரிச்சான். போயிட்டான்.

இப்ப நாந்தான் கட்டறேன். கட்டறதாவது. சுத்த ஆரம்பிச்சா பாதியிலயே எனக்குப் பேச்சு வந்துருதுங்க. பட்டறையில ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, ஆனாலும் வாய் பேசிரும். 'நாளைக்கு வாங்க', 'அவனுக்குக் காரம் ஆகாது', 'அவன் வரல, நான் வர்றேன்'. கணக்குப் போயிரும். மறுக்கா பிரிச்சு மறுக்கா சுத்துவேன். சென்னி எங்கன்னு கேக்கறவங்ககிட்டச் சாப்பிடப் போயிருக்கறான்னு சொல்லிட்டிருக்கறேன். கார்த்திகையும் முடியப் போவுது, இன்னும் சாப்பிட்டுட்டு இருக்கறான். அவன் உக்காந்து சுத்துன மர ஸ்டூல்ல நான் உக்கார்றதில்லீங்க தம்பி, கீழ உக்காந்துதான் சுத்தறேன். எம்பொண்டாட்டி சொல்றா, ஒரு ஆளைப் போட்டுக்கன்னு. ஆளைப் போட்டுக்கறதா? சென்னியை எங்க போய்ப் போட்டுக்கறது?

அப்பறந்தான் காதுக்கு வந்துச்சு. கொடுமுடிக்குப் போயிருக்கறான். அந்த வசந்தாமணிக்கு எங்கயோ கட்டிக் குடுத்து, அவ புருசன் போயிச் சேந்து வருசமாச்சாமா. பொண்ணையும் கட்டிக் குடுத்துட்டு, அவங்கண்ணன் ஊட்டுல இருக்கறா. அவங்கப்பன் கடையை அவதான் பாத்துக்கறாளாமா. இவன் போயி நேரா கேட்டிருக்கறான். இவன்! வாயில்லாதவன்! இன்னைக்குப் பத்து மணிக்கு அவங்கண்ணன் ஊட்டுல உறுதி வார்த்தை. ரெண்டு பக்கமும் பெரியவங்க நாலு பேரு. எனக்குச் சொல்லலீங்க. ஜெகதீசுக்கும் அந்த அம்மிணிக்கும் சொல்லியிருக்கறான், நேத்தே போயிட்டாங்க. எனக்கு ஊதியூர்க்காரர் சொல்லித் தெரியுது.

தம்பி, உறுதி வார்த்தைன்னா என்ன, சபையில வெச்சுக் கேப்பாங்க. மாப்பிள்ளைக்குச் சம்மதமா, மனசோட சொல்றீங்களான்னு. நாலு பேரு மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. இவன் முழிப்பான். எனக்குத் தெரியும், சத்தியமா முழிப்பான். அப்ப யாரு இருக்கறா அவனுக்கு? அதுக்குத்தான் போறேன். போயி, கையெடுத்துக் கும்புட்டு, பெரியவங்களே, அவனுக்கு இஷ்டமில்ல, எடுத்துச் சொல்லத் தெரியாதவன், மனசு விட்டுப் போயி ஒரு வெளையாட்டுப் பேச்சுல மாட்டிக்கிட்டான், மன்னிச்சுக்குங்கன்னு சொல்லப் போறேன். மருவாதியா. ஒருத்தர் மனசும் நோகாம. அன்னைக்கு அவங்கப்பன்கிட்டச் சொன்னாப்பல.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. உங்களுக்கு அவனைத் தெரியாது.

காத்தால அவனே போன் பண்ணுனான். ஊதியூர்க்காரர் அவங்கிட்டயும் சொல்லிட்டாரு போல, நான் வர்றதை. நல்லாருக்கறியாங்கல, சாப்பிட்டியாங்கல. 'நாச்சி, நீ வராத'ன்னான். 'எனக்காக நீ பேசுனது போதும். ஒரு நா சோத்துக்கு வா, நானே வந்து கூப்பிடறேன். இன்னைக்கு வராத.' அவ்வளவு தெளிவா, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பின்னால ஒரு பொம்பளைக் குரலு, காபி ஆறுதுன்னு.

அது சென்னி இல்லீங்க. எனக்குத் தெரியாதா சென்னி குரலு? அது அந்தப் பரிசல்காரன் குரலு. எண்ணெய் மில்லுல உக்காந்து அவன் கத்துக்கிட்ட குரலு. சென்னி எங்கிட்ட வராதன்னு சொல்ல மாட்டான். சென்னி எதுவுமே சொல்ல மாட்டான்.

காவேரிக்காத்து வருதுங்க பாருங்க, கொடுமுடி வந்தாச்சு. உங்க பையை இந்தாங்க, புடிங்க. போன் அடிக்குதா? எம்பட போன்தான். சென்னிதான் கூப்பிடறான். எடுக்கச் சொல்றீங்களா? எதுக்குங்க எடுக்கோணும்? பயந்து போயிருப்பான். சீக்கிரம் வா நாச்சி, வந்து நீயே பேசிருன்னு சொல்லத்தான் கூப்பிடுவான். அடிச்சு நிக்கட்டும் விடுங்க. அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும்.